சர்ஜிஸ்ஃபியர் நிகழ்வு: அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் கோப்பில் இருந்திருக்க வேண்டியவை

2020 மே 22 அன்று ‘தி லான்செட்’ இதழில் நான்கு பேர் எழுதிய ஒரு கட்டுரை வெளியானது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளில் கோவிட் தொற்றுடன் சேர்ந்த 96,032 நோயாளிகளின் தரவு என்றது அது. அவர்களில் 14,888 பேருக்கு மலேரியா மருந்துகளான குளோரோகுயினோ ஹைட்ராக்ஸிகுளோரோகுயினோ, தனியாகவோ மேக்ரோலைடு வகை ஆன்டிபயாட்டிக்குடன் சேர்த்தோ தரப்பட்டிருந்ததாகவும், அவர்களிடையே இறப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் கூடுதலாக இருந்ததாகவும் கட்டுரை முடித்திருந்தது. மூன்று நாள் கழித்து, மே 25 அன்று, உலக சுகாதார நிறுவனம் கோவிட் மருந்துகளைச் சோதித்த தன் ‘சாலிடாரிட்டி’ பரிசோதனையின் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பிரிவை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கோவிட்டுக்கு அந்த மருந்தைத் தருவதற்கு அளித்திருந்த அனுமதியை பிரான்ஸ் அரசு விலக்கிக்கொண்டது.

ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ மே 1 அன்று வெளியிட்டிருந்த இன்னொரு கட்டுரையும் அதே நாளில் திரும்பப் பெறப்பட்டது. இதய நோயும் அதற்கான மருந்துகளும் கோவிட் இறப்பைக் கூட்டுகின்றனவா என்று பார்த்த அந்தக் கட்டுரை 169 மருத்துவமனைகளின் 8,910 நோயாளிகளைப் பற்றியது. இரண்டுக்கும் தரவு தந்தது சர்ஜிஸ்ஃபியர் என்ற ஒரே அமெரிக்க நிறுவனம். அதன் நிறுவனரும் தலைமை நிர்வாகியுமான சபன் தேசாய் இரண்டிலும் கட்டுரையாளர். இரண்டிலும் முதல் கட்டுரையாளர் மன்தீப் மெஹ்ரா.

வெளியிடும் முன் துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்துச் சோதிக்கும் மதிப்பாய்வு முறை தோற்ற கதையாகவே இந்த நிகழ்வு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மதிப்பாய்வாளர் கையில் வருவது ஒரு கையெழுத்துப் பிரதி மட்டும். அதற்குப் பின்னால் எந்தக் கடிதம், எந்த ஒப்பந்தம், எந்த மூலக் கோப்பு இருக்கிறது என்பது கட்டுரையாளர்களுக்குத்தான் தெரியும். எனவே அனுப்புகிறவர் பக்கமிருந்து இந்த நிகழ்வைப் பார்ப்பதே ஆய்வு செய்கிறவர்களுக்குப் பயன்படும்.

எங்கே பிடிபட்டது

முதல் முடிச்சு அவிழ்ந்தது ஆஸ்திரேலியாவில். அங்கே ஐந்து மருத்துவமனைகள், சுமார் 600 நோயாளிகள், ஏப்ரல் 21 வரை 73 இறப்புகள் என்று தரவு காட்டியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கில் அந்தத் தேதி வரை ஆஸ்திரேலியா முழுவதிலுமே 67 பேர்தான் இறந்திருந்தார்கள். ஆசியாவைச் சேர்ந்த ஒரு மருத்துவமனை தவறுதலாக ஆஸ்திரேலியக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்றது நிறுவனம். லான்செட் ஒரு திருத்தமும் வெளியிட்டது. விஷயம் அதோடு அடங்கவில்லை.

மே 28 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்திட்ட திறந்த கடிதம் வந்தது. ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கடிதம் நல்ல பாடம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினின் சராசரி தினசரி அளவு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பரிந்துரைத்ததைவிட 100 மில்லிகிராம் கூடுதலாக இருந்தது. தரவில் 66 சதவீதமோ வட அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவில் அதுவரை பதிவான நோயாளிகளில் ஏறத்தாழ 25 சதவீதமும் இறப்புகளில் 40 சதவீதமும் இந்த ஒரு நிறுவனத்தோடு இணைந்த, முழு மின்னணுப் பதிவு கொண்ட மருத்துவமனைகளில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. கண்டத்துக்குக் கண்டம் வேறுபட வேண்டிய அடிப்படை அளவுகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலவே இருந்தன. எந்த நாடு, எந்த மருத்துவமனை தரவு தந்தது என்ற பெயர்கள் இல்லை, நன்றி கூறல்கூட இல்லை. கணக்கீட்டு நிரலும் தரவும் வெளியிடப்படவில்லை. நோயாளிகளின் உரிமையைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் ஆய்வும் நடக்கவில்லை.

இவற்றில் ஒன்றுகூட ரகசியத் தகவலைக் கொண்டு கண்டுபிடிக்கப்பட்டதல்ல. எல்லாம் கட்டுரையையும் பொதுவில் கிடைக்கும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வெளிப்பட்டவை. வெளியாள் வெளியீட்டுக்குப் பின் செய்ததைக் கட்டுரையாளர்கள் அனுப்பும் முன்பே செய்திருக்க முடியும்.

‘விலக்கு’ என்பது யாருடைய முடிவு

லான்செட் கட்டுரையில், தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் நெறிமுறை ஆய்விலிருந்து விலக்குப் பெற்றவையாகக் கருதப்படுகின்றன என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. யார் கருதினார்கள்? எந்தக் குழு, எந்த எண், எந்தத் தேதி? வினைச்சொல்லுக்கு எழுவாயே இல்லை. நெறிமுறை அறிக்கையில் இப்படிப்பட்ட வாக்கியத்தைப் பார்த்தால் இதழாசிரியர் அங்கேயே நிற்க வேண்டும்.

அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளை ஆராய்கிறவர்கள் மிக அடிக்கடி செய்யும் பிழை இது. ஆய்வுக்கு விலக்கு உண்டா என்பதை ஆய்வாளர் தானே தீர்மானித்துக்கொள்ளக் கூடாது. நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்து, ‘இந்த ஆய்வுக்குக் குழுவின் முழுப் பரிசீலனை தேவையில்லை’ என்று அவர்கள் எழுத்தில் தர வேண்டும். இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொன்று, ஒப்புதல் தள்ளுபடி. அதில் குழு ஆய்வை முழுமையாகப் பார்க்கிறது. நோயாளி ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்குவது மட்டும் தேவையில்லை என்கிறது. இரண்டும் வேறு. கையில் இருப்பது எந்தக் கடிதமோ, கட்டுரையிலும் அதையே எழுத வேண்டும்.

‘அடையாளம் நீக்கியது’ என்ற சொல்லும் இப்படித்தான். பெயரை நீக்கி ஒரு குறியீட்டு எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை மருத்துவமனை வைத்திருந்தால், தரவு இன்னும் மீட்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. பட்டியல் எங்குமே இல்லாமல் அழிந்திருந்தால்தான் அது பெயரற்ற தரவு. விண்ணப்பத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் குழு தவறான வகையில் அனுமதி தந்துவிடும். பின்னால் அந்த அனுமதி எதற்கும் உதவாது. மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு நெறி சொல்லும், உலக மருத்துவச் சங்கத்தின் 1964 ஹெல்சிங்கி பிரகடனம் எல்லோருக்கும் தெரியும். நலவாழ்வுத் தரவுத்தளங்களுக்கென்றே அதே சங்கம் கொண்டுவந்து 2016இல் திருத்திய தைபே பிரகடனத்தைப் படித்தவர்கள் குறைவு. தரவுத்தள ஆய்வு செய்கிறவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

அனுமதி இருந்தும் கட்டுரை சிக்குவது பெரும்பாலும் பொருந்தாமையால்தான். கடிதத்தில் உள்ள ஆய்வுத் தலைப்பு ஒன்று, கட்டுரைத் தலைப்பு வேறு. அனுமதித்த காலம் டிசம்பர் வரை, கட்டுரையில் தரவு அடுத்த மார்ச் வரை. மூன்று மருத்துவமனைகளுக்கு வாங்கிய அனுமதியில் நான்காவது மருத்துவமனை நுழைந்திருக்கிறது. இடையில் எதையாவது மாற்றினால் திருத்த அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தின் தேதியையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். தரவெடுத்து முடித்த பிறகு முன்தேதியிட்ட அனுமதியைப் பெரும்பாலான குழுக்கள் தராது, தரவும் கூடாது. பல நாடுகள் சேர்ந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் அந்தந்த நாட்டின் சட்டப்படி தனி முடிவு வேண்டும். 671 மருத்துவமனைகள் என்று எழுதுகிறவரிடம் அதற்கான ஒரு அட்டவணை இருக்க வேண்டும்: இடம், குழு, முடிவு, எண், தேதி. கட்டுரையின் துணைக் கோப்பாக அதையும் வைக்கலாம்.

மூலக் கோப்பைத் திறந்தவர்கள் யார்

நிகழ்வின் மையம் இதுதான். கேள்விகள் குவிந்ததும் தேசாய் தவிர மற்ற கட்டுரையாளர்கள் சுயேச்சையான தணிக்கைக்கு ஏற்பாடு செய்தார்கள். வாடிக்கையாளர் ஒப்பந்தங்களையும் ரகசியக் காப்பையும் காரணம் காட்டி, முழுத் தரவைத் தணிக்கையாளர்களுக்கு மாற்ற சர்ஜிஸ்ஃபியர் மறுத்துவிட்டது. மூலத் தரவின் உண்மைக்கு இனி உறுதி சொல்ல முடியாது என்று அறிவித்து, மூன்று பேர் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நியூ இங்கிலாந்து ஜர்னலுக்குக் கட்டுரையாளர்கள் அனுப்பிய கடிதம் இன்னும் நேரடியானது: கட்டுரையாளர்கள் எல்லோருக்கும் மூலத் தரவு கிடைக்கவில்லை என்பதை அதுவே சொல்லிவிட்டது.

அதாவது கேள்வி வெளியீட்டுக்குப் பிறகு எழுந்தது. விடை வெளியீட்டுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது.

தரவை வேறொரு நிறுவனம் வைத்திருந்தால், பகுப்பாய்வு தொடங்கும் முன் தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம் வேண்டும். அதில் யார் பார்க்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதிவிடுகிறார்கள். விட்டுப்போவது தணிக்கைப் பிரிவு. இதழோ கட்டுரையாளரின் நிறுவனமோ கேட்டால், ரகசியக் காப்புக்கு உட்பட்ட மூன்றாம் தரப்பு ஆய்வாளர் மூலத் தரவைப் பார்க்க அனுமதி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி இருக்க வேண்டும். அதற்குத் தரவு வைத்திருப்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தத் தரவில் கட்டுரை எழுதாமல் இருப்பதே நல்லது. எண்ணிக்கை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும்தான்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு கையால் செய்ய வேண்டிய வேலை. குறைந்தது இரண்டு பேர், வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து, வரிசை வரிசையாக நோயாளி அளவிலான கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். சுருக்க அட்டவணையைப் பார்ப்பது இதில் சேராது. மருத்துவமனைவாரியான எண்ணிக்கை, தரவு எடுத்த தேதி, ஒவ்வொரு மாறிக்கும் பொருள் சொல்லும் தரவு அகராதி ஆகியவை கையில் இருக்க வேண்டும். சில மருத்துவமனைகளைக் குலுக்கலில் எடுத்து, அங்கிருக்கும் பொறுப்பாளரிடம் ‘உங்கள் தரவு இந்த ஆய்வில் இருக்கிறதா, எத்தனை பேர்’ என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்வி போதும், பல மாதச் சிக்கலைத் தவிர்க்க. பகுப்பாய்வுக்கு முன் கோப்பை உறையவைத்து, தேதியிட்டு, படிக்க மட்டும் முடிகிற இடத்தில் ஒரு பிரதி வைக்க வேண்டும். பின்னால் யாராவது ‘எந்தக் கோப்பில் ஓட்டினீர்கள்’ என்று கேட்டால் அதுதான் விடை.

2020 செப்டம்பரில் லான்செட் இதழ்க் குழுமம் தன் விதியை மாற்றியது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரையாளர் தரவை நேரடியாக அணுகிச் சரிபார்த்ததாகக் கையெழுத்திட வேண்டும். கல்வி நிறுவனமும் வணிக நிறுவனமும் சேர்ந்த ஆய்வானால், அவர்களில் ஒருவர் கல்வித் தரப்பினராக இருக்க வேண்டும். பெரிய தரவுத்தளக் கட்டுரைகளுக்கு அந்த வகைத் தரவின் நுணுக்கம் அறிந்த மதிப்பாய்வாளர் தேவை என்பதும் சேர்ந்தது. இதழ் கேட்கிறதோ இல்லையோ, இதைச் செய்து, யார் யார் பார்த்தார்கள் என்று பெயரெழுத்தோடு பங்களிப்பு அறிக்கையில் எழுதிவிடலாம்.

கட்டுரையாளர் தகுதியும் இங்கேதான் வருகிறது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும்: வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதியது அல்லது ஆழமாகத் திருத்தியது, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், வேலையின் எல்லாப் பகுதிக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்காவதைப் பலர் சம்பிரதாயமாக எண்ணுகிறார்கள். சர்ஜிஸ்ஃபியர் கட்டுரைகளில் முறிந்தது அதுதான்.

எண்களை உரசிப் பார்ப்பது

ஆஸ்திரேலியா பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மதிய நேரம்கூடத் தேவையில்லை. ஆய்வில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரி: நம் நோயாளிகள், நம் இறப்புகள், அதே தேதி வரை அந்த நாட்டின் பொதுக் கணக்கு, விகிதம். விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டினால் தரவு தவறு. ஒன்றிரண்டு மருத்துவமனைகள் நாட்டின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காட்டினால் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

அடுத்தது மாறுபாடு. உண்மையான தரவு அழுக்கானது. புகைப்பழக்கம், உடல் பருமன் குறியீடு, நீரிழிவு விகிதம் எல்லாம் இடத்துக்கு இடம் ஏறி இறங்கும். சில மருத்துவமனைகளில் சில கட்டங்கள் வெற்றாகவே கிடக்கும். மருத்துவமனைவாரியாகப் பரவலை வரைந்து பார்த்து எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றால், அதை ஆய்வின் தரம் என்று நினைத்து மகிழக் கூடாது. மருந்தளவையும் அந்தந்த நாட்டின் வழிகாட்டு நெறியோடு ஒப்பிட வேண்டும். பரிந்துரையை மீறிய சராசரி வந்தால், அலகு மாறியதா, உப்பின் எடையா அடிப்படை மருந்தின் எடையா, முதல் நாள் தரும் கூடுதல் அளவான ஏற்றளவு சராசரியில் கலந்ததா என்று தேட வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினில் இந்தக் குழப்பம் எளிதில் வரும்: 200 மில்லிகிராம் சல்ஃபேட் மாத்திரையில் அடிப்படை மருந்து 155 மில்லிகிராம்தான்.

இந்தச் சோதனைகளின் விடையைத் துணைக் கோப்பில் சேர்த்துவிட்டால், மதிப்பாய்வாளரின் முதல் ஐந்து கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் போய்விடும்.

லான்செட் கட்டுரையின் முடிவு எப்படியோ சரியாக அமைந்துவிட்டது என்ற வாதமும் எழுந்தது. ஜூன் 5 அன்று பிரிட்டனின் ‘ரிகவரி’ பரிசோதனைக் குழு, சீரற்ற முறையில் பிரித்த 1,542 பேருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் 3,132 பேருக்கு வழக்கமான சிகிச்சையும் தந்ததில், 28 நாள் இறப்பு முறையே 25.7, 23.5 சதவீதம் என்றும் மருந்தால் பயனில்லை என்றும் அறிவித்தது. அதனால் லான்செட் கட்டுரைக்கு மறுவாழ்வு கிடைக்காது. சரிபார்க்க முடியாத தரவிலிருந்து வந்த முடிவு பின்னர் உண்மையோடு ஒத்துப்போனாலும், அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வழியில்லை.

அனுப்பும் கோப்பு

சிகிச்சையில் தலையிடாமல் நடப்பதைப் பதிவுசெய்து பார்க்கும் நோக்குநிலை ஆய்வுக்கு, கட்டுரையில் எவற்றைச் சொல்ல வேண்டும் என்று காட்டும் ஸ்ட்ரோப் பட்டியல், 22 அம்சங்கள். வழக்கமாகச் சேகரித்த மருத்துவப் பதிவுகளில் செய்த ஆய்வானால் அதன் நீட்சியான ரெக்கார்ட் பட்டியலும் வேண்டும். தரவுத்தளத்தை யார் எந்த அளவுக்கு அணுகினார்கள், தரவை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்றெல்லாம் அது கேட்கிறது. இந்தப் பட்டியலைக் கட்டுரை எழுதி முடித்த பிறகு பக்க எண் நிரப்பும் படிவமாகப் பயன்படுத்துவதால்தான் பயனில்லாமல் போகிறது. எழுதத் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளிகளைச் சீரற்ற முறையில் பிரித்துச் செய்யும் பரிசோதனையானால் கன்சார்ட் என்ற பட்டியல். அதற்கு முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். 2005இலிருந்து முன்னணி இதழ்கள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

முகப்புக் கடிதத்தில் ஆய்வின் பெருமையை ஒரு பத்திக்கு மேல் பாட வேண்டாம். வேறு இதழின் பரிசீலனையில் இல்லை என்பது, மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் முன்பதிப்பாக வெளியாகியிருந்தால் அதன் இடம், இதே தரவிலிருந்து வந்த அல்லது வரவிருக்கும் பிற கட்டுரைகள், தரவை யார் வைத்திருக்கிறார்கள் என்பவற்றை எழுத வேண்டும். கடைசியைத் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. தரவு நிறுவனத்தில் பங்கோ சம்பளமோ உள்ளவர் கட்டுரையாளராக இருந்தால், நலமுரண் படிவத்தில் ஆளுக்கு ஆள் தனியாகக் காட்ட வேண்டும். ‘யாருக்கும் எதுவும் இல்லை’ என்று இதழோடு தொடர்புகொள்ளும் கட்டுரையாளரே எல்லோருக்குமாக நிரப்புவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் தவறு. செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும். கருவியைக் கட்டுரையாளராகப் போட முடியாது, ஏனெனில் அதனால் பொறுப்பேற்க முடியாது.

தரவுப் பகிர்வு அறிக்கையில் ‘நியாயமான கோரிக்கையின் பேரில் தரப்படும்’ என்று மட்டும் எழுதுவது வெற்று வாக்கியம். யாரிடம் கேட்க வேண்டும், என்ன கிடைக்கும், எவ்வளவு காலம் என்று எழுதலாம். சட்டப்படி தரவைத் தர முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லி, நிரலையும் தரவு அகராதியையும் தரலாம்.

படங்களிலும் அட்டவணைகளிலும் நோயாளி வெளிப்பட்டுவிடுவது தனிச் சிக்கல். ஸ்கேன் படத்தின் மூலையில் பெயரும் எண்ணும் எழுத்தாகவே பதிந்திருக்கும். கோப்பின் உள்விவரத்திலும் ஒளிந்திருக்கும். இரண்டையும் நீக்க வேண்டும். கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பது அடையாளத்தை மறைக்காது. அடையாளம் தெரியக்கூடிய படமானால், நோயாளி அந்தப் பிரதியைப் பார்த்துக் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் வெளியீட்டுக்குச் செல்லாது. அட்டவணையில் ஒரு சிறு ஊர், அரிய நோய், வயது மூன்றும் சேர்ந்து ஒரே ஒருவரைக் காட்டினால், கட்டங்களைச் சேர்த்துவிட வேண்டும்.

வெளியான பின்

கேள்வி வந்தால் முதலில் இதழாசிரியருக்கு எழுத வேண்டும். சமூக ஊடகத்தில் பதில் சொல்வது பிறகு. எந்த எண் தவறு, எப்படி நேர்ந்தது, முடிவை மாற்றுகிறதா என்பதை மறுபடி ஓட்டிய பகுப்பாய்வோடு அனுப்பினால், நேர்மையான பிழைக்குத் திருத்தம் போதும். ஒரு மருத்துவமனையை இடம் மாற்றிவிட்டு ‘முடிவு மாறவில்லை’ என்று சொல்லி நிறுத்துவது ஐயத்தைக் கூட்டும். ஒரு வரி தவறாக இருந்தால் மற்ற வரிகளை யார் சரிபார்த்தது என்று அடுத்த கேள்வி வரும், இந்த நிகழ்வில் வந்தது போல. இதழ் விசாரிக்கும் காலத்தில், கட்டுரையின் மீது ஐயம் இருப்பதை வாசகருக்குச் சொல்லும் கவலைக் குறிப்பு வெளியிடும். இரண்டு இதழ்களும் ஜூன் தொடக்கத்தில் அதைத்தான் செய்தன. அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு வக்கீல் கடிதம் அனுப்பாமல், மூலக் கோப்பைத் தணிக்கைக்குத் திறந்துவிடுவதே வழி. மூலத் தரவையும் பகுப்பாய்வு நடைமுறையையும் குறைந்தது 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது மேலே சொன்ன பன்னாட்டுக் குழு. அதுவரை கோப்பின் சாவி யாரிடம், அவர் வேலை மாறினால் யாரிடம் என்று முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

திரும்பப் பெற்ற பிறகும் இந்த இரண்டு கட்டுரைகளும் பிறருடைய மேற்கோள் பட்டியல்களில் சாதாரணச் சான்றாக நுழைந்துகொண்டே இருந்தன. பழைய பிரதி கணினியில் இருக்கிறது, அதிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். எனவே அனுப்பும் நாளன்று மேற்கோள்கள் ஒவ்வொன்றையும் அந்தந்த இதழின் பக்கத்தில் திறந்து, திரும்பப் பெற்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருத்திய பிரதியை மறுபடி அனுப்பும் நாளிலும் இதைச் செய்ய வேண்டும், இடையில் சில மாதங்கள் ஓடியிருக்கும்.